இரண்டே குத்தில் முடிந்திருக்கும்

அத்தியாயம் 4

"நான் அடிச்சிருந்தா ரெண்டே குத்து மேடம். மூணாவது குத்து வாங்க அந்த ஆளு நின்னுக்கிட்டு இருந்திருக்க மாட்டான்."

கொலைக் கேஸில் பிடிபட்டு லாக்கப் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் சொல்லவே கூடாத வாக்கியம் இது. சோடா, இன்ஸ்பெக்டர் காதில் விழாமல் இருக்க வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தான். நன்றாகவே விழுந்திருந்தது.

"கேட்டீங்கல்ல? அவ வாயாலயே ஒப்புக்கிறா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒப்புக்கலை சார். ரோஷப்படறா. ரெண்டும் வேற" என்றார் மேடம்.

மேடம் இருபது வருஷம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். உள்ளங்கையில் எழுதியவன், வளையலுக்குள் சுருட்டி வைத்தவள், கால் கட்டுக்குள் பாதிப் புத்தகத்தையே ஒளித்தவன் என்று எல்லாரையும் பிடித்து முடித்துவிட்டு, இனிமேல் பெரியவர்களைப் பிடிக்கலாம் என்று துப்பறியும் அலுவலகம் திறந்தவர். சோடா அவருடைய உதவியாளன். மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தவர்கள் பெயர்க் காரணம் கேட்பதில்லை. ஒரு காலத்தில் துண்டுச் சீட்டோடு அவனைக் கையும் களவுமாகப் பிடித்து ஹாலை விட்டு வெளியேற்றியதும் இதே மேடம்தான். "என் படிப்பைக் கெடுத்தீங்கல்ல, சம்பளம் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டவன், இன்றுவரை போகவில்லை.

செத்துப்போனவர் ஓர் ஆலோசகர். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பது அவர் தொழில். மார்க்கை மட்டும் பிள்ளைகள் வாங்கி வந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். மற்றது என்றால், 'படிப்பைத் தவிர வேறு என்ன செய்வாய்?' என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கம் இருக்கிறதே, அது. அந்தப் பக்கத்தில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன் மலை ஏறுவான். குளிக்கவே சோம்பல்படுகிறவள் கடலுக்கடியில் நீந்துவாள்.

கம்பிக்குப் பின்னால் இருந்தவள் ஒரு பெயிண்டரின் மகள். மகளைக் காப்பாற்றச் சொல்லி மேடத்திடம் ஓடி வந்தது அந்தப் பெயிண்டர்தான். நிஜமாகவே குத்துச்சண்டை போட்டு, நிஜமாகவே பதக்கம் வாங்கியவள். 'இலவசமாக எழுதித் தருகிறேன்' என்று ஆலோசகர் அவளுடைய கதை முழுவதையும் கேட்டு வாங்கி, அதை ஒரு கட்டட முதலாளியின் பையனுக்கு விற்றுவிட்டார். விஷயம் தெரிந்து நேற்று மத்தியானம் அவருடைய அலுவலகத்துக்குப் போனவள், கண்ணாடிக் கதவை ஒரே உதையில் நொறுக்கி, காத்திருந்த அத்தனை பெற்றோர் முன்னிலையிலும் அவர் சட்டையைப் பிடித்து, "உன் மூஞ்சியைப் பேத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் ஆலோசகர் மூஞ்சி பேர்ந்து கிடந்தார். முகமெல்லாம் குத்து. கடைசியாக மேஜை மேல் இருந்த வெற்றிக் கோப்பையால் மண்டையில் ஒரே போடு.

நாளைக் காலை அவளுக்குக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அதே காலையில் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். கல்லூரிக்காரர்கள் இன்னொரு நாள் தர மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் வந்தவளுக்கு அப்புறம் எந்த நாள் கொடுத்தும் பிரயோஜனமில்லை.

"அந்த ஆளு முகத்தை எடுத்த படம் இருந்தா காட்டுங்க சார்" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார். சோடா ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தான். அவள் மட்டும் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற வாத்தியார் முகத்தோடு பார்த்தாள்.

"காதுல ஒண்ணு. கழுத்துல ஒண்ணு. நெத்தியில பாருங்க, நெத்தியில! நெத்தியில எவனாவது குத்துவானா? எலும்பு. நம்ம கைதான் போகும். இதை நான் செஞ்சேன்னு வெளிய தெரிஞ்சா எங்க மாஸ்டர் என்னை ஜிம்முக்குள்ளயே விட மாட்டாரு."

"கை எப்படிம்மா போகும்?" மேடம் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார்.

"கட்டைவிரல்தான் மேடம் முதல்ல போகும். குத்தத் தெரியாதவங்க கட்டைவிரலை உள்ள வெச்சு மடக்குவாங்க. அப்படியே அடிச்சா விரல் மளுக்குன்னு போயிடும். முதல் நாளே எங்களுக்கு அதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க." முஷ்டியை மடக்கிக் காட்டினாள். கட்டைவிரல் வெளியே, மற்ற விரல்களுக்குக் குறுக்கே, பூட்டு மாதிரி நின்றது.

மேடம் இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்து திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கம்பி வழியே நீட்டினார். பெண் வாங்கி, மூடியைப் படக்கென்று திருகிக் குடித்தாள்.

"பாத்தீங்களா சார்? கொலை நடந்த ரூம்ல ரத்தக் கறையோட ஒரு பாட்டில் உருண்டு கிடந்துச்சே. கொன்னவன் கை கழுவியிருக்கான். அந்த மூடியில என்ன இருந்துச்சு?"

"பல்லுத் தடம்."

"திருகுற மூடியை எவன் சார் பல்லால திறப்பான்? திருக முடியாதவன்தான். அவன் கட்டைவிரல் போயிடுச்சு. இவளுக்கு ரெண்டும் நல்லா இருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். நல்ல மனுஷன்தான், மேலிடத்துக்குப் பயந்தவர். "பல்லை ஆராய்ச்சி பண்ணி ரிப்போர்ட் வர எத்தனை நாள் ஆகுமோ. பாட்டில் மூடியை வெச்சுக்கிட்டு நான் ஜட்ஜ் முன்னாடி நிக்க முடியாது மேடம். அந்த விரலைக் கொண்டாங்க. பொண்ணை விடறேன்."

"விரல் மட்டும் போதுமா சார், இல்ல ஆளோட வேணுமா?" என்றான் சோடா.

"இவனை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

*

ஆலோசகரின் அலுவலகத்தில் நொறுங்கிய கண்ணாடியை இன்னும் கூட்டவில்லை. உள் அறைச் சுவர் முழுக்க அவர் கரையேற்றிய பிள்ளைகளின் புகைப்படங்கள். தேனீ வளர்க்கும் பெண், முகத்துக்கு வலை. வாள் சண்டைக்காரன், முகத்துக்குக் கம்பிக் கவசம். ஆழ்கடல் நீச்சல்காரி, முகத்துக்குக் கண்ணாடியும் குழாயும். பனிச்சறுக்கு வீரன், கண் மட்டும் தெரிந்தது, அதுவும் சரியாகத் தெரியவில்லை.

"என்னடா தோணுது?" என்றார் மேடம்.

"பணக்காரப் புள்ளைங்க வெயில் படாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்காங்க மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. சுவர் ஓரத்தில் இருந்த படத்தைக் காட்டினார். அடியில் கட்டட முதலாளியின் பையன் பெயர். தலைக்கவசம், பல்லுக்கு ரப்பர், இரண்டு கையிலும் வெள்ளைத் துணிப்பட்டை. முறைத்துக்கொண்டு முஷ்டியை நீட்டியிருந்தான். இரண்டு கட்டைவிரலும் பத்திரமாக உள்ளே மடங்கியிருந்தன.

"மேடம்!" சோடா ஒரு துள்ளு துள்ளினான். "உள்ள மடக்கியிருக்கான்! இவன்தான்! போட்டோவுக்கு நின்னு நின்னு தான் நிஜமாவே குத்துச்சண்டை வீரன்னு நம்பிட்டான். தன் அப்ளிகேஷனைத் தானே நம்பின முதல் ஆளு!"

படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் போன் நம்பர் இருந்தது. மேடம் அதை அழைத்தார். போட்டோகிராபரின் குரல் பதவிசாக இருந்தது.

"அந்தப் படமா மேடம்? அந்தத் தம்பியேதான். கேமராவுக்குப் பின்னாடி நின்ன எனக்கே கை நடுங்கிடுச்சு. அடி ஒவ்வொண்ணும் இடி மாதிரி. தம்பிக்குக் கோவம் வந்துட்டா கண்ணு மண்ணு தெரியாது மேடம். ஆலோசகர் சார்கிட்டகூடப் போன வாரம் ஏதோ சத்தம் போட்டுட்டு இருந்துச்சு."

மேடம் நன்றி சொல்லி வைத்தார். சோடா ஏற்கெனவே வாசலில் நின்றான்.

"வாங்க மேடம், பையனை அமுக்கிடலாம்."

"வரேன். போட்டோல இருக்கிறது யாருன்னுதான்டா கேட்டேன். அந்த ஆளு பையனோட குணம், கோபம், சண்டைன்னு பக்கம் பக்கமா சொல்றாரு." சுவரிலிருந்து நாலைந்து படங்களைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்தார். "கேக்காத கேள்விக்குப் பதில் எழுதுறவன் பக்கத்துல நான் எப்பவும் கொஞ்ச நேரம் அதிகமா நிப்பேன்."

*

கட்டட முதலாளியின் வீட்டில் கதவைத் திறந்தது கட்டட முதலாளியே. வந்த காரியத்தைச் சோடா சொல்லி முடிப்பதற்குள் அவன் கன்னத்தில் ஓர் அறை இறங்கியது. செங்கல் சுமந்து மேலே வந்த கை. காதுக்குள் ஒரு ரயில் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தது.

"என் பையன் மேல கொலைப் பழியா? டேய், இதுங்களைத் தூக்கி வெளிய போடுங்கடா!"

இரண்டு தடியர்கள் வந்தார்கள். ஒருவன் சோடாவின் வயிற்றில் முழங்காலைப் போட்டான். சோடா சோஃபாவுக்கு மேல் பறந்து அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி மேஜையோடு சேர்ந்து இறங்கினான். இன்னொருவன் மேடத்தின் தோளைத் தொட்டான். தொட்டிருக்கக் கூடாது. மேடத்தின் கைப்பையில் பரீட்சைக் காலத்து இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் விளிம்பு அவன் மணிக்கட்டில் விழுந்த சத்தத்தில், முதலாமவன் சோடாவை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். திரும்பிய மூக்கில் இரண்டாவது அடி விழுந்தது. அவன் சட்டை முன்பக்கம் ரத்தத்தில் நனைந்தது. இருபது வருஷத்தில் எத்தனையோ கைகளைப் பார்த்தவர் அவர், எங்கே அடித்தால் பேனா கீழே விழும் என்று அவருக்குத் தெரியும்.

"பையனோட கையை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார் மேடம், மூச்சுக்கூட வாங்காமல்.

முதலாளி இரண்டு ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாடியைக் காட்டினார்.

பையன் மாடியறையில் டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். கீழே நடந்த ரகளை காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஆட்டக் கருவியின் மேல் அவனுடைய இரண்டு கட்டைவிரல்களும் அப்படி ஒரு வேகத்தில் குதித்துக்கொண்டிருந்தன, பார்க்கவே கண் வலித்தது.  உலகத்திலேயே ஆரோக்கியமான கட்டைவிரல்கள் இந்த அறையில்தான் இருந்தன.

"தம்பி, நீ குத்துச்சண்டை வீரனாமே" என்றார் மேடம்.

"ஐயோ ஆன்ட்டி, நான் ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் போட்டுடுவேன்." அறை வாங்கி ரத்தம் கசிந்த சோடாவின் உதட்டைப் பார்த்துவிட்டு அவசரமாக டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த போட்டோல நான் இல்ல. ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னாங்க, நான் போகவே இல்ல. தலைக்கவசம் போட்டா உள்ள யாரு இருந்தா என்னன்னு ஆலோசகர் சார் சொல்லிட்டாரு."

"அப்ப யாரு அது?"

"தெரியாது ஆன்ட்டி. நான் அந்தப் பக்கமே போனதில்ல. எனக்கு வேண்டவே வேண்டாம்னு சொன்னேன், அப்பா கேக்கல. அந்த அக்காவோட பதக்கம்னு எனக்குத் தெரியாது, சத்தியமா."

வாசலுக்கு வந்ததும் சோடா பொருமினான். "பையன் ஸ்டூடியோ பக்கமே போனதில்லையாம். அப்ப அந்த போட்டோகிராபர் எதுக்கு மேடம் 'தம்பியேதான், அடி இடி'ன்னு அளந்து விட்டாரு?"

மேடம் ஆட்டோவில் ஏறியதும் கைப்பையிலிருந்து படங்களை எடுத்து அவன் மடியில் பரப்பினார். "தோளைப் பாரு."

தேனீப் பெண்ணின் வலது தோள் இறங்கியிருந்தது. வாள் சண்டைக்காரனுக்கும் இறங்கியிருந்தது. நீச்சல்காரிக்கு, பனிச்சறுக்கு வீரனுக்கு, குத்துச்சண்டைக்காரனுக்கு, எல்லாருக்கும் அதே தோள்தான், அதே அளவு.

"குடும்ப வியாதியா மேடம்?"

"வருஷக்கணக்கா கனமான கேமராப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியறவனுக்கு வர்ற வியாதிடா. சுவர்ல இருக்கிற அத்தனை சாம்பியனும் ஒரே ஆளு. அதான் மூஞ்சி தெரியற விளையாட்டே ஒண்ணுகூட இல்லை."

சோடாவின் வாய் திறந்தது. திறந்த வாயில் உதடு எரிந்ததால் மூடிக்கொண்டான். மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு ஸ்டூடியோ விலாசத்தைச் சொன்னார்.

*

ஸ்டூடியோ ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஒரு மூலையில் தெர்மோகோல் மலை, ஒரு மூலையில் நீலத்துணிக் கடல், நடுவில் துடுப்புகள், வாள்கள், கயிற்றுச் சுருள்கள், தலைக்கவசங்கள். பச்சைக் காடு வரைந்த திரைக்கு முன்னால், தலையிலிருந்து பாதம்வரை வெள்ளை உடுப்பும் முகவலையும் தடிமனான கையுறையும் போட்ட ஓர் உருவம், பிளாஸ்டிக் தேன்கூட்டைக் கையில் ஏந்தி நின்றது. எதிரே முக்காலியில் கேமரா. அதில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்து, பளீரென்று வெளிச்சம் அடித்தது. கேமராவுக்குப் பின்னால் யாருமே இல்லை.

உருவத்தின் வலது தோள் இறங்கியிருந்தது.

"போன்ல பேசினேனே, நான்தான்" என்றார் மேடம். "உங்க வேலை ரொம்பப் பிரமாதம்னு என் உதவியாளன் சொல்லிக்கிட்டே வந்தான். கை குடுக்கணுமாம்."

சோடா பல்லைக் காட்டிக்கொண்டு போய், உருவம் விலகுவதற்குள் அதன் வலது கையுறையைப் பிடித்து, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி உற்சாகமாகக் குலுக்கினான்.

வலைக்குள்ளிருந்து கிளம்பிய அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுத்த கணம் தேன்கூடு சோடாவின் முகத்தில் வெடித்தது. மூக்குக்கண்ணாடி எங்கோ போய் யார் காலிலோ நொறுங்கியது. அப்புறம் அவனுக்கு உலகம் வெள்ளையும் பச்சையுமாகத்தான் தெரிந்தது. வெள்ளை அவனை மார்பில் உதைத்தது. பச்சை கிழிந்து அவன் மேல் விழுந்தது. எழுந்தவனின் விலாவில் ஒரு துடுப்பு இறங்கியது, உள்ளே ஏதோ ஒன்று முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. மேடம் ஸ்கேலை வீசினார். தடித்த உடுப்பில் அது பட்டு வழுக்கியது. போட்டோகிராபர் துடுப்பின் மறுமுனையால் அவரை இடித்துத் தள்ள, மேடம் தெர்மோகோல் மலையை உடைத்துக்கொண்டு அதன் உச்சியோடு சேர்ந்து கீழே விழுந்தார். நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"மேடம்!" என்று கத்தத் திறந்த சோடாவின் தொண்டையில் மலையேறும் கயிறு விழுந்தது. பின்னாலிருந்து முழங்காலை முதுகில் வைத்து அந்த ஆள் இழுத்தான். மூச்சு நின்றது. கண் முன்னால் பூச்சி பறந்தது. நிஜத் தேனீயே இல்லாத இடத்தில் இத்தனை பூச்சியா என்று தோன்றியது. சொல்லிச் சிரிக்கத்தான் காற்று இல்லை. சாகப் போகிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. கைகள் கண்டபடி துழாவின. ஒரு கையுறை அகப்பட்டது. அதற்குள் வீங்கிப்போய் நின்ற ஒரு விரல் அகப்பட்டது. அதைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பின்பக்கமாக வளைத்தான்.

கயிறு விட்டது. ஆள் முழங்காலில் சரிந்தான். எழுந்து வந்த மேடம் ஸ்கேலின் விளிம்பால் அவன் காதோரம் ஒன்று போட்டார், ஆத்திரம் தீராமல் இன்னொன்றும் போட்டார். முகவலை கிழிந்து தொங்கியது. உள்ளே நாற்பது வயதைத் தாண்டிய, மூன்று நாள் தாடியோடு ஒரு சாதாரண முகம் அழுதுகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தபோது மேடம் கையுறையைக் கழற்றியிருந்தார். கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்தில் கத்திரிக்காய் அளவுக்கு இருந்தது.

"ஆளோடயே கொண்டு வந்துட்டோம் சார்" என்றான் சோடா, தரையில் படுத்தபடி.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "அந்தப் பொண்ணை விட்டுடு. காலைல அவளுக்கு இன்டர்வியூ. ஜீப்லயே வீட்டுல கொண்டு போய் விடு, அப்பன்காரன் தவிச்சுப் போயிருப்பான்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, கட்டைவிரல்தான். அவகிட்டச் சொல்லு, சந்தோஷப்படுவா."

"ஏன்யா?" என்றார் மேடம்.

போட்டோகிராபர் உடைந்த தேன்கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் நான் நீந்தியிருக்கேன் மேடம். மலை ஏறியிருக்கேன். வாள் பிடிச்சிருக்கேன். எல்லாம் நல்ல நல்ல காலேஜுக்குப் போயிடுச்சுங்க. இந்த வருஷம் என் பொண்ணு முடிச்சிருக்கா. நல்ல மார்க். நேத்து சாயங்காலம், எல்லாரும் போனப்புறம், அவளுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னு சார்கிட்டக் கேட்டேன். உன் பொண்ணு என்னய்யா பண்ணுவான்னாரு. வீட்டைப் பாத்துக்குவான்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாரு. 'அப்ப வேலைக்காரி வேலைக்கு அப்ளிகேஷன் போடச் சொல்லு, நானே எழுதித் தரேன்'னாரு." அவன் முகம் கோணியது. "எத்தனையோ படத்துல குத்தற மாதிரி நின்னிருக்கேன். நேத்துதான் நிஜமா குத்தினேன். நிறுத்தத் தெரியல மேடம்."

"உன் பொண்ணுக்காக. சரி. இன்னொருத்தன் பொண்ணு உள்ள கிடந்தாளே, அவளுக்கு என்ன பதில் வெச்சிருக்கே? அந்தப் பையனையும் மாட்டி விடப் பாத்தியே?"

அவன் விலங்கு மாட்டிய கையால் கிழிந்த காட்டுத் திரையைக் காட்டினான். "இந்தப் படம் என் பொண்ணுக்குத்தான். நாளைக்குக் கடைசி நாள். இதை மட்டும் முடிச்சிட்டு நானே வந்து..."

மேஜை மேல் அவனுடைய போன் அடித்தது. 'பொண்ணு' என்று வந்தது. அவன் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சோடா விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, எங்க இருக்கீங்க? சாப்பிட வரலையா?" சின்னக் குரல்தான், ஆனால் மூச்சு விடாமல் பேசியது. "அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து குடுத்துட்டேன். இன்னிக்கு என் கையைப் பிடிக்காம அம்மா ஜன்னல் வரைக்கும் நடந்துட்டாங்க, தெரியுமா? டாக்டர் இனிமே நடக்கவே மாட்டாங்கன்னாரே! தினம் காலைல நான் குடுத்த பயிற்சிதான்பா. தம்பிக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். வழக்கம் போல மாடி வீட்டுப் பசங்க, எதிர்வீட்டுப் பசங்க எல்லாம் வந்துடுச்சுங்க, எல்லாருக்கும் சேத்தே சொல்லிக் குடுத்துட்டேன். தண்ணி மோட்டாரை நானே பிரிச்சு மாட்டிட்டேன், இப்ப ஓடுது. அப்பா, அந்தத் தேனீ படம் ஆயிடுச்சா? எனக்குப் பயமா இருக்குப்பா. தேனீயைப் பத்திக் கேள்வி கேட்டா நான் என்ன சொல்றது? வேற எதாவது பண்ணலாமா? அந்த ஒரு பக்கம்தான் இன்னும் காலியா இருக்கு."

 இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேடம் நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"நான் அப்பாவுக்குத் தெரிஞ்சவம்மா. அப்பா இங்கதான் இருக்காரு. தேனீ எல்லாம் வேண்டாம். இப்ப மூச்சு விடாம என்னென்னமோ சொன்னியே, அம்மாவை நடக்க வெச்சது, பசங்களுக்குப் பாடம் எடுத்தது, மோட்டார். அதை அப்படியே அந்தப் பக்கத்துல எழுது."

"அதையா? அதெல்லாம் எழுதலாமா ஆன்ட்டி? வீட்டு வேலைதானே?"

"எழுதலாம்மா. காலேஜ்ல கேக்கறதே அதைத்தான். நீ நிஜமா என்ன பண்றேன்னுதான் கேக்கறாங்க. இருபது வருஷம் படிப்பு, பரீட்சைன்னு இருந்தவ நான் சொல்றேன். எழுது, கொஞ்ச நேரத்துல நானே உங்க வீட்டுக்கு வரேன்."

போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். போட்டோகிராபர் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதலாமா?" என்றான். "அப்படியே எழுதினா போதுமா மேடம்?"

"போதும்."

"ஆலோசகர் சாருக்கு அது தெரியுமா?"

"தெரியாம இருக்குமாய்யா? அதைச் சொல்லியிருந்தா யாரு அவர்கிட்ட வருவாங்க?"

அவன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, யாரும் பிடிப்பதற்குள், விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தரையில் அடித்தான். உடைந்த விரல் கீழே இருந்தது. மறுபடியும் தூக்கி அடித்தான். இன்ஸ்பெக்டரும் சோடாவும் மேலே விழுந்து அமுக்கியும் நிற்கவில்லை, அவர்கள் இரண்டு பேரின் கனத்தோடும் சேர்த்து அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.